குத்தகைக்காரன் கட்டிய கோட்டை
டெல்டாவின் கோட்டைகள் – 6

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் கௌப் என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கு மேலே குன்றில் ஒரு கோட்டை, எதிரே ஆற்றின் நடுத்திட்டில் இன்னொரு கோட்டை. ஆற்றுக் கோட்டையைப் பதினான்காம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியவர் பவேரிய மன்னர் லுட்விக். படையெடுப்பைத் தடுப்பது அவர் நோக்கம் இல்லை. படகுகளை மறித்துச் சுங்கம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரில் வசூல் நடந்தது.

டென்மார்க்கிலும் இதே கதைதான். ஹாம்லெட் நாடகத்தால் பேர் பெற்ற குரோன்போர்க் கோட்டை பால்டிக் கடலின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற கப்பல்களிடம் வரி வாங்கியது. 1857இல்தான் அந்த வரி ஒழிந்தது. ஐரோப்பாவில் கோட்டை வைத்திருந்தவன் வாங்குகிற கை. வழியில் போனவன் கொடுக்கிற கை.

அந்தத் தேசத்தார் நம் டெல்டாவுக்கு வந்து தரங்கம்பாடியில் ஒரு கோட்டை கட்டினார்கள். டேனியர் கட்டியவற்றில் குரோன்போர்க்குக்கு அடுத்தபடி பெரியது இதுதான் என்று சொல்வதுண்டு. ஆனால் இங்கே கணக்கு தலைகீழ். கோட்டைக்காரர் கொடுக்க வேண்டியவர். வாங்க வேண்டியவர் தஞ்சாவூரில் இருந்தார்.

தரங்கம்பாடியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கடல் பக்கமிருந்தே ஆரம்பிப்பார்கள். கப்பல் வந்தது, கொடி ஏறியது, கோட்டை எழுந்தது என்று. இந்த வாரம் நாம் வயல் பக்கமிருந்து போய்ப் பார்ப்போம்.

தங்க ஓலை

மயிலாடுதுறையில் பஸ் ஏறினால் செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் என்று நெல்வயல்களுக்கு நடுவிலேயே சாலை போகும். திருக்கடையூரைத் தாண்டியதும் காற்றில் உப்பு தெரியும். காவிரித் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறாகி, வாய்க்காலாகிக் கடைசியில் வந்து சேர்கிற கடைமடை இது. மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி பேப்பரில் வந்து பல நாள் கழித்துத்தான் இங்கே வாய்க்கால் நனையும்.

டேனியர் இந்த இடத்தைத் தேடி வரவில்லை. அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி 1616இல் தொடங்கப்பட்டது. மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1618இல் ஓவே யெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்களை அனுப்பியது இலங்கைக்கு. கண்டி அரசனோடு ஒப்பந்தம் செய்யப் போனார்கள், அது பலிக்கவில்லை. முன்னால் அனுப்பிய ‘ஒரேசுண்ட்’ என்ற கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர் தாக்கி நாசம் செய்தார்கள். அதிலிருந்த ரோலண்ட் கிராப்பே என்ற டச்சுக்காரர் சில ஆட்களோடு தப்பித் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தார்.

அரண்மனையில் அப்போது ரகுநாத நாயக்கர். தோப்பூர்ப் போரில் வென்று சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தெலுங்கில் காவியம் எழுதுகிறவர், வீணை வாசிப்பவர்; பக்கத்தில் கோவிந்த தீட்சிதர் போன்ற அமைச்சர். கடலோரத்தில் நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே வியாபாரியிடம் மாட்டிக்கொண்டால் விலை அவன் சொன்னதுதான் என்பது எந்த மிராசுதாருக்கும் தெரியும். இன்னொரு வியாபாரி தானாக வந்து கதவைத் தட்டுகிறான். விடுவாரா?

1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. பனை ஓலை வடிவில் வெட்டிய தங்கத் தகட்டில் ரகுநாதர் டென்மார்க் மன்னருக்கு எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எழுத்து தமிழ், ராஜாவின் கையெழுத்து தெலுங்கு. கோட்டை கட்டிக்கொள்ளலாம், வியாபாரம் செய்யலாம், தங்கள் மதப்படி வழிபடலாம். இவற்றுக்கு ஈடாக ஆண்டுதோறும் தஞ்சாவூருக்குத் தொகை கட்ட வேண்டும். சுமார் ஐந்து மைல் நீளம், மூன்று மைல் அகலம் உள்ள கடற்கரை நிலம். குத்தகை ஆண்டுக்கு 3,111 ரூபாய் என்று பழைய நூல்கள் கணக்குச் சொல்கின்றன. விழாக்காலங்களில் அரண்மனைக்கு வரிசை வைப்பது தனி.

நிலமும் வெற்று நிலமாக இல்லை. 1300களின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கடற்கரையில் நின்றது. வியாபாரிகளும் மீனவர்களும் இருந்தார்கள். டேனியர் குடியேறியது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு துறைமுகத்தில்.

கீழே கிடங்கு, மேலே குடித்தனம்

ரைன் நதிக்கோட்டைகளைப் போல உயரத்தில் ஏறி நிற்க இங்கே குன்று இல்லை. கடலோரச் சமதரையில், கனத்த செங்கல் சுவர்களும் வளைவுக் கூரைகளுமாகக் கோட்டை படுத்திருக்கிறது. பெயர் டான்ஸ்போர்க். ஊர்க்காரர்களுக்கு டேனிஷ் கோட்டை.

உள்ளே போய் நின்றால் இது என்ன மாதிரிக் கட்டடம் என்பது உடனே பிடிபடும். கீழ்த்தளம் முழுக்கச் சரக்கு அறைகள். துணி மூட்டை, மிளகு, சாராயப் பீப்பாய், வெடிமருந்து, ஓரத்தில் சிறை. மேல்தளத்தில் ஆளுநர், பாதிரியார், வியாபாரிகள் குடியிருப்பு. தொடக்கத்தில் வழிபாடும் அங்கேதான். மேல்தளத்து நீளக்கூடம் வரிசையான வளைவுகளின் மேல் நிற்கிறது. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் அங்கே தரை குளிர்ந்திருக்கும். கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் காற்று அள்ளிக்கொண்டு போகும். மொத்தத்தில் பீரங்கி வைத்த பண்டகசாலை இது.

பண்டம்? டெல்டாவில் மிளகு விளையாது. டேனியருக்கு இங்கே கிடைத்த நல்ல சரக்கு துணி. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியைத் தென்கிழக்காசியாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே கிராம்பும் மிளகும் வாங்கி ஐரோப்பாவுக்கு ஏற்றுவார்கள். நெசவாளி இருக்கும் ஊரில் நெல் வேண்டும். கோட்டைக்காரர்களுக்கும் சோறு வேண்டும். அது வருகிற பாதை மேற்கே, தஞ்சாவூர் ராஜ்யத்தின் வழியாக. கடலைப் பார்த்துப் பீரங்கி வைத்திருந்த கோட்டையின் உயிர்நாடி அதன் முதுகுப் பக்கம் இருந்தது.

கேட்பாரற்ற ஆண்டுகள்

இந்தக் கோட்டையின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி, டென்மார்க் இதை மறந்துபோன காலம். ஐரோப்பாவில் போர், கம்பெனியிடம் காசில்லை. 1643க்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. கம்பெனியையே 1650இல் கலைத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்து சேரவும் கப்பல் வேண்டுமே!

இருந்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வங்காளக் கப்பல்களைப் பிடித்து விற்றார்கள். அதற்கு முகலாயர் மீது போர் என்று பெயர். காய்ச்சலிலும் சண்டையிலும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1655இல் தலைமைக்கு வந்தவர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரணப் படைவீரர். டென்மார்க்கில் பிறந்தவர் என்று கோட்டையில் மிஞ்சியது ஏறத்தாழ அவர் ஒருவரே. மற்றவர்கள் உள்ளூர் ஆட்களும் போர்த்துகீசிய வம்சத்தாரும்.

குத்தகை பாக்கி விழுந்தது. தஞ்சாவூர்ப் படை வந்து முற்றுகை போட்டது. பேச்சுவார்த்தை, திரும்பவும் பாக்கி, திரும்பவும் படை. கோங்ஸ்பாக்கே ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669இல் ‘ஃபேரோ’ என்ற கப்பல் வந்து நின்றபோது கோட்டையில் டேனியக் கொடி பறந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் அவரையே ஆளுநராக உறுதிசெய்தார்கள்.

இதை ஒரு மனிதனின் விசுவாசக் கதையாக டேனியர்கள் சொல்வார்கள், அது சரிதான். வயல் பக்கமிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஒற்றை ஆளை விரட்டத் தஞ்சாவூருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? விரட்டுவதைவிட வசூலிப்பது லாபம். நிலத்தில் ஆள் இருந்தால்தான் குத்தகை கேட்க முடியும்.

அந்தக் கொடியின் கீழ் நடந்த எல்லாமே பெருமைக்குரியது அல்ல. பஞ்சக் காலங்களில் சோற்றுக்கு வழியின்றித் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்கள் இந்தக் கரையில் உண்டு. அவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய ஐரோப்பியரில் டேனியரும் சேர்த்தி. பதினெட்டாம் நூற்றாண்டு வரை அது நடந்தது. உலகத்துக்கே சோறு போடுகிறோம் என்று மார்தட்டுகிற டெல்டாவுக்கு இந்தப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

நாயக்கர் வம்சம் 1673இல் முடிந்தது. சில ஆண்டுகளில் மராத்தியர் அரியணை ஏறினார்கள். மிராசுதார் மாறினாலும் குத்தகைச்சீட்டு மாறவில்லை. 1698-99இல் சகஜி மன்னரின் படை மாதக்கணக்கில் தரங்கம்பாடியை முற்றுகையிட்டது. சென்னையிலிருந்த ஆங்கிலேயர் ஆள் அனுப்பி உதவிய பிறகே விலகியது.

கோட்டைச் சிறையும் ஈய எழுத்தும்

1706 ஜூலை 9ஆம் தேதி இரண்டு ஜெர்மானியர்கள் இந்தக் கரையில் இறங்கினார்கள். டென்மார்க் மன்னர் அனுப்பிய மதபோதகர்கள்: பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூச்சோ. சீகன்பால்குவின் சொந்த ஊர் சாக்சனி நாட்டில் புல்ஸ்னிட்ஸ். அதுவும் ஒரு சிற்றூர்தான். கீழைநாட்டு மசாலாக்கள் சேர்த்துச் சுடும் ரொட்டிக்கு 1558 முதலே பேர்போனது. நம் கடல்வழியே போன வாசனைச் சரக்கு மணந்த ஊரிலிருந்து, அந்தச் சரக்கு கைமாறிய ஊருக்கு 23 வயதுப் பிள்ளையாக வந்து சேர்ந்தார்.

கோட்டைக்காரர்களுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. வியாபாரம் நடக்கும் இடத்தில் மதம் பேசி ஊரைக் கிளப்பிவிட்டால் தஞ்சாவூருக்கு யார் பதில் சொல்வது? கடன் வழக்கொன்றில் ஒரு தமிழ் விதவைக்காகப் பரிந்து பேசப்போய், ஆளுநர் ஹாசியுஸ் 1708இன் கடைசியில் சீகன்பால்குவைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் போட்டார். நாலு மாதம் உள்ளே இருந்தார். டேனிய மன்னர் அனுப்பிய ஆளை டேனிய மன்னரின் கோட்டையிலேயே பூட்டிய விசித்திரம் அது.

சீகன்பால்கு தமிழ் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்தில். வயதான வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். கம்பெனியிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் உதவிக்கு வந்தார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேகரித்து 1708இல் அவற்றுக்கு ஒரு பட்டியலும் தயாரித்தார்.

அச்சுக்கூடத்தின் கதை இன்னும் சுவையானது. லண்டனிலிருந்து அனுப்பிய அச்சு இயந்திரத்தைக் கடலில் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொள்ள, பணம் கொடுத்து மீட்டுக் கொண்டுவந்தார்கள். கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் பருத்த எழுத்து. அதில் அச்சடித்தால் புத்தகம் தலையணை கனத்துக்கு வரும். காகிதமோ கப்பலில் வர வேண்டும். சிறிய எழுத்து வார்க்க ஈயம் தேவைப்பட்டபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள். அந்த எழுத்தில் கோத்து 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையும் முயன்று பார்த்தார்கள்.

இங்கேயும் குத்தகை எல்லை குறுக்கே நின்றது. தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் நினைத்தபடி போய்வர அவர்களுக்கு வழியில்லை. எட்டிப் போக முடியாததால் எழுதிக் கேட்டார்கள். தமிழர்களிடம் கேள்வி அனுப்பி வாங்கிய 99 பதில்கள் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் அச்சாயின. சாமி, சாதி, கல்யாணம், மருத்துவம் என்று எல்லாவற்றையும் பற்றி நம் ஆட்கள் ஐரோப்பியருக்குச் சொன்ன பதில்கள் அவை. ஐரோப்பியரின் நடத்தை மேல் விமர்சனமும் உண்டு. சீகன்பால்கு 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். அந்த மதத்தை அகற்றத்தானே அனுப்பினோம், அதைப் பரப்பவா என்று ஹாலேயில் இருந்த மிஷன் பெரியவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 1867இல் சென்னையில்தான் அது புத்தகமாயிற்று.

அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. மறுவருஷம் பிப்ரவரியில், 36 வயதில், அவர் இறந்தார். அந்த ஆலயத்திலேயே அடக்கம்.

மிராசுதார் கைமாறினார்

1781இல் ஹைதர் அலியின் படை டெல்டாவைச் சூறையாடியது. வாய்க்கால் தூர்ந்தது, மாடு போயிற்று, குடிகள் ஊரை விட்டுப் போனார்கள். தஞ்சாவூர் அரண்மனையின் கஜானா கடனில் மூழ்கியது. 1799இல் இரண்டாம் சரபோஜி நாட்டின் நிர்வாகத்தையும் வருவாயையும் ஆங்கிலக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டைக்குள் பென்ஷன் வாங்கும் மன்னரானார்.

தரங்கம்பாடியின் விதியும் அன்றைக்கே எழுதியாகிவிட்டது. 1792இல்தான் டேனியர் ஊர் வாசலில் அந்த அழகான நுழைவாயிலைக் கட்டியிருந்தார்கள். ஆண்டும் மன்னரின் முத்திரையும் அதில் இன்றும் இருக்கின்றன. ஒன்பதே ஆண்டில், 1801இல், ஆங்கிலேயர் பெரிய சண்டை இல்லாமலே உள்ளே வந்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு 1808இல் மறுபடி பிடித்து 1815 வரை வைத்திருந்தார்கள். அதற்குள் மில் துணி கப்பல் கப்பலாக இறங்க ஆரம்பித்தது. கிடங்கில் வைக்கச் சரக்கில்லை.

1845 பிப்ரவரி 22ஆம் தேதி, தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டென்மார்க் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது. இதை வரலாற்று நூல்கள் சாதாரணமாக ‘விற்பனை’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். டெல்டாக்காரன் அப்படிப் போக முடியாது. நிலம் யாருடையது? ரகுநாதர் ஓலைப்படி தஞ்சாவூருடையது. தஞ்சாவூரின் இடத்தில் 1799 முதல் உட்கார்ந்திருந்தது யார்? வாங்குகிற அதே கம்பெனி. நிலத்துக்காரன் குத்தகைக்காரனுக்குப் பணம் கொடுத்து நிலத்தை மீட்டுக்கொண்டான்! குத்தகைச் சட்டம் வந்த பிறகு மன்னார்குடிப் பக்கமும் திருவாரூர்ப் பக்கமும் எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது! ‘ஒரு தொகை கொடுத்துக் கைவிடுதலை வாங்கிடுங்க’ என்று வக்கீல் சொல்வாரே, அதேதான்.

ஏழ்மை காத்த ஊர்

ஆங்கிலேயர் சில ஆண்டுகள் கலெக்டர் கச்சேரியை இங்கே வைத்திருந்து, பிறகு தஞ்சாவூருக்கு மாற்றினார்கள். 1861இல் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது. வியாபாரம் ரயிலோடு போனது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல்தான் தண்டவாளம் வந்தது. அதையும் 1986இல் நிறுத்திவிட்டார்கள்.

கைவிடப்பட்ட ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. ஜெர்மனியில் ரோத்தன்புர்க் என்ற ஊரும் இப்படித்தான் தப்பியது. முப்பதாண்டுப் போருக்குப் பின் நொடித்துப்போனதால் மதிலும் வாசலும் வீடுகளும் பழையபடியே நின்றன. இன்று உலகமே போய்ப் படமெடுக்கிறது. தரங்கம்பாடியிலும் வாசல், ராஜவீதி வீடுகள், 1701இன் சீயோன் ஆலயம், ஆளுநர் மாளிகை எல்லாம் மிஞ்சியது அப்படித்தான். கோட்டையைச் சில காலம் பயணியர் விடுதியாக வைத்திருந்தார்கள். 1970களின் இறுதியில் மாநிலத் தொல்லியல் துறை எடுத்து அருங்காட்சியகம் ஆக்கியது. டேனிய ஆர்வலர்களும் அரச குடும்பமும் பிற்பாடு சீரமைப்புக்கு உதவினார்கள்.

கடல்தான் யாருக்கும் கட்டுப்படவில்லை. மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. பக்கத்தில் புதிதாகக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையின் மீனவக் குடும்பங்கள் இழந்ததை எழுத ஒரு பத்தி போதாது. இப்போது கரையில் பாறாங்கல் கொட்டிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

இன்றைய தரங்கம்பாடிக்குப் பெரிய கூட்டம் திருக்கடையூரிலிருந்து வருகிறது. அறுபதாம் கல்யாணம் முடிந்து, மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பேரன் பேத்தியோடு வேனில் வந்து இறங்குகிறார்கள். உள்ளே திமிங்கில எலும்பு, பீங்கான் பாண்டம், பீரங்கிக் குண்டு எல்லாம் பார்க்கிறார்கள். “யார் தாத்தா இந்தக் கோட்டையைக் கட்டினாங்க?” என்று பிள்ளை கேட்கும். “வெள்ளக்காரன்தான், வேற யாரு?” என்று பதில் வரும். தவறில்லை. ஆனால் நெல் அளந்த கை, நூல் நூற்ற கை, செங்கல் அறுத்த கை, ஓலையில் கையெழுத்துப் போட்ட கை எதுவும் அந்தப் பதிலில் வரவில்லை. கட்டியவன் பெயரை மட்டும் சொன்னால் கோட்டைக் கதை பாதிதான். யார் நிலத்தில், என்ன தொகைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டால்தான் மீதி வரும். டெல்டாவில் ஒரு குழி நிலத்துக்கே அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டோம். கோட்டைக்கு மட்டும் ஏன் விட வேண்டும்?

1750இல் இதே தரங்கம்பாடியில் இன்னொரு ஜெர்மானியர் வந்து இறங்கினார்: சுவார்ட்ஸ் பாதிரியார். சிறுவன் சரபோஜிக்குப் பாதுகாவலராகவும் ஆசானாகவும் ஆனவர். அந்தச் சரபோஜி வளர்ந்து, ராஜ்யத்தை ஆங்கிலேயரிடம் கொடுத்த பிறகு, அவர்கள் நெப்போலியனை வென்ற சந்தோஷத்தைக் கொண்டாடக் கடலோரத்தில் அடுக்கடுக்காக ஒரு கோபுரம் கட்டினார். தோற்றவன் வென்றவனுக்குக் கட்டிய அந்த விசித்திரக் கோட்டைக்கு, பட்டுக்கோட்டைப் பக்கம் மனோராவுக்கு, அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)